மச்சான் விழ மறுக்கிறார்

மெக்ஸிகோ நகரம்
14 ஜனவரி 1964

அன்பான ஒதிலியா அக்காவுக்கு,

மாதாவின் கருணையில் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க இதை எழுதுகிறேன். இடது தோள் மட்டும் குளிர் வந்தால் முனகுகிறது. உன் இருமல் விட்டதா? பஞ்சாலைப் பக்கம் போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

ஒரு நல்ல சேதி. எவரிஸ்தோ மச்சானுக்குத் தலைநகரத்தில் குஸ்தி வாய்ப்பு வந்திருக்கிறது. எங்கள் அரங்கத்து முதலாளி தோன் பாஸ்குவாலை நான் விடாமல் நச்சரித்தேன். "வடக்கே டோரியோன்ல செந்தேள்னு ஒரு முகமூடிப் பயில்வான் இருக்காரு முதலாளி. அவர் கோதாவுல இறங்கினா போதும், பொம்பளைங்க எழுந்து நின்னு மண்ணை வாரித் தூத்துவாங்க. அப்படிப்பட்ட கெட்டவன் உங்ககிட்ட ஒருத்தன்கூட இல்லை" என்றேன். "யாருடா அது, உனக்கு என்ன வேணும்?" என்றார். "என் அக்கா புருஷன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் அரங்கத்தின் ஆண்டு விழா. அன்றைக்கு முகமூடிக்கு முகமூடி பந்தயம். உனக்குத் தெரியாததா, தோற்றவன் கோதா நடுவில் நின்று முகமூடியைக் கழற்ற வேண்டும். பெயர், ஊர், எத்தனை வருஷமாகக் குஸ்தி என்று ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அதோடு அவன் கதை முடிந்தது. வெறும் முகத்தைப் பார்க்க யார் சீட்டு வாங்கி வருவார்கள்? ஜெயித்தவன் பெயரோ சாகும்வரை நிற்கும். அந்தப் பந்தயத்தில் ஒருவன் நீல மாலுமி, அதாவது உன் தம்பி. எதிரே யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

மச்சானை சீக்கிரம் அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கை முத்தத்துக்கு ஏங்கும் தம்பி,
சிப்ரியானோ


டோரியோன்
3 பிப்ரவரி 1964

என் செல்லத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இருமல் அதுபாட்டுக்கு இருக்கிறது, நானும் என்பாட்டுக்கு இருக்கிறேன். உன் தோளுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு. கடலையே பார்க்காத மாலுமிக்குக் குளிர் வேறா!

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். நம்மிடம் குதிரை ஏது என்று கேட்காதே, பக்கத்து வீட்டுக் குதிரை. சந்தோஷம் வந்தால் அவருக்கு எங்கே போவது என்று தெரியாது.

மூட்டை ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டார். மேஸ்திரி, "இந்தப் படியை விட்டு இறங்கினா மறுபடி ஏத்த மாட்டேன்" என்றானாம். இவர் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். அவருக்காக ஒரு புது முகமூடி தைத்தேன். வால் நெற்றிவரை வளைந்து வருகிற மாதிரி. சிவப்புத் துணிக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன், கடைசியில் பாதிரியாருக்கு அங்கி தைக்கிறவரிடம் கெஞ்சி வாங்கினேன்.

சிப்ரி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் சின்னப் பிள்ளை அழுதால் "செந்தேள் வருது" என்கிறார்கள். அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பயம்தான். முகமூடி இல்லாவிட்டால் அவர் மூட்டை தூக்குகிற எவரிஸ்தோ. உன் முகமூடியை எப்படிக் காப்பாய், அப்படி அவருடையதையும் காக்க வேண்டும். எனக்கு வாக்குக் கொடு. அதை எழுதி அனுப்பு.

வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறுகிறார். உன் அறையிலேயே வைத்துக்கொள். மிளகாய் அதிகம் வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது.

முத்தங்களுடன்,
உன் அக்கா


மெக்ஸிகோ நகரம்
9 மார்ச் 1964

அன்பான அக்காவுக்கு,

உன் ஆட்டுக் கொழுப்பு வேலை செய்கிறது. ஆனால் அறையே கசாப்புக் கடை மாதிரி நாறுகிறது. மற்றபடி நலம். மச்சானும் நலம், ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை.

மச்சானை என் அறையில் வைக்கவில்லை என்று அவர் உனக்கு எழுதியிருப்பார். பேருந்து நிலையத்துக்கும் நான் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நான் நல்லவன் கட்சி, அவர் கெட்டவன் கட்சி. சனிக்கிழமை கடித்துக் குதறுகிற இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரே கடையில் தமாலே தின்றால் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் அவரை ஒரு விடுதியில் விட்டிருக்கிறது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே, தொழில் விஷயம்.

ஆனால் அக்கா, முதல் போட்டியை நீ பார்த்திருக்க வேண்டும்! மச்சான் என் கண்ணைக் குத்தினார், காதைக் கடித்தார், நடுவர் திரும்பிய நேரத்தில் வயிற்றுக்குக் கீழே உதைத்தார். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கொண்டை ஊசியோடு அவரைத் துரத்தினாள். அப்புறம் நான் எழுந்தேன். அவரைத் தூக்கினேன் பார், பஞ்சுப் பொதிகூட அப்படி ஏறாது! நான் கயிற்றின் மேலேறிப் பாய்ந்தேன், சரியாக நெஞ்சில் இறங்கினேன். அரங்கமே எழுந்து "மாலுமி! மாலுமி!" என்றது. தோன் பாஸ்குவால் சுருட்டைத் தலைகீழாகப் பற்ற வைத்துக்கொண்டார்.

பத்து வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு எதிராளி கிடைத்ததில்லை. நீ பாக்கியசாலி.

இந்த ஊரில் இப்போதே மாம்பழம் வந்துவிட்டது, அங்கே எப்போது?

உன் தம்பி,
சிப்ரியானோ


டோரியோன்
12 ஏப்ரல் 1964

அன்புத் தம்பிக்கு,

சுகம். இங்கே புழுதிக்காற்று, ரொட்டியிலும் மண், படுக்கையிலும் மண்.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்டாய். இன்னும் வரவில்லை. நான் கேட்டதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. என் கடிதத்தின் இரண்டாம் பக்கம் வழியில் விழுந்துவிட்டதோ என்று மறுபடி கேட்கிறேன். அவர் முகமூடியைப் பற்றி.

அவர் இரண்டு வரிதான் எழுதுகிறார். "வேலை நல்லா போகுது. சாப்பாடு சுமார்." உன்னிடம் வாய்விட்டுப் பேசுகிறாரா?

உன் அக்கா


மெக்ஸிகோ நகரம்
2 ஜூன் 1964

அன்பான அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, சுற்றுப்பயணம். பூவெப்லா, தொலூக்கா என்று வாரம் முழுக்கப் பேருந்து. நீ சுகமா? நான் சுகமில்லை. வலது விலா வீங்கியிருக்கிறது, தும்மினால் உயிர் போகிறது. அதற்குக் காரணம் உன் புருஷன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மச்சான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்.

போன மாதம் பூவெப்லாவில் அரங்கு நிறைந்த கூட்டம். மூன்றாவது சுற்றில் நான் கயிற்றின் மேலேறிக் கையை விரித்துப் பாய்ந்தேன். மச்சான் கீழே நிற்கிறார். நிற்க வேண்டியவர், ஒரு எட்டு நகர்ந்து நின்றார்! பேருந்துக்கு வழிவிடுகிற மாதிரி! நான் நேராகப் பலகையில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவர் முழங்காலைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். கூட்டம் சிரித்தது அக்கா. பத்து வருஷத்தில் நீல மாலுமியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அடுத்த வாரம் தொலூக்காவில் அதைவிட மோசம். தலைக்கு மேல் தூக்கப் போனேன். மனுஷன் செத்த மாடு மாதிரி கனத்தார். இடுப்புவரைகூட ஏறவில்லை. என் தோளில் ஏதோ "டக்" என்றது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "மாலுமி, நங்கூரத்தை எடுடா முதல்ல!" என்று கத்தினான்.

உடை மாற்றும் அறையில் கேட்டேன், "என்ன மச்சான் இது?" என்று. "என்னது?" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ அவருக்கு ஒரு வார்த்தை எழுது. ஒழுங்காகக் குஸ்தி போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

தம்பி,
சிப்ரியானோ


டோரியோன்
14 ஜூன் 1964

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். விலாவுக்கு இறுக்கித் துணி கட்டு, சிரிக்காதே. என்னால்தான் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்குப் படிப்பு குறைவு, நீதான் விளக்க வேண்டும். எதிராளி என்றால் எதிர்க்கத்தானே செய்வான்? நீ மேலிருந்து பாய்கிறாய், அவர் நகர்ந்துவிட்டார். ஒரு மாடு பாய்ந்து வந்தால் நான்கூட நகர்வேன். நீ தூக்கப் போனாய், அவர் ஏறவில்லை. உன்னைத் தூக்க விடுவதற்கா அவர் அங்கே போயிருக்கிறார்? இதையெல்லாம் போய் அக்காவிடம் புகார் சொல்கிறாயே, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய நாட்களில் இருந்த மாதிரியே இருக்கிறாய்.

ஒழுங்காகக் குஸ்தி போடச் சொல் என்கிறாய். ஜெயிக்கப் பார்ப்பது ஒழுங்கில்லையா? எது ஒழுங்கு என்று எழுதினால் அப்படியே அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்ட வாக்கு இன்னும் வரவில்லை.

அக்கா


மெக்ஸிகோ நகரம்
20 ஜூலை 1964

அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்குத் தூக்கமே இல்லை.

நேற்றைய போட்டியும் பாழ். நான் அவனை அறைந்தேன், அவன் விழவில்லை. உதைத்தேன், விழவில்லை. கோதா நடுவில் கை கட்டிக்கொண்டு நின்றான். ஜனங்கள் இருக்கை மெத்தைகளை வீசினார்கள், அவன் மேல் இல்லை, என் மேல். தோன் பாஸ்குவால், "ஒரு கிழவனை உன்னால சாய்க்க முடியல, நீ ஆண்டு விழாவுல என்னத்த கிழிக்கப்போற?" என்கிறார்.

இனி மறைத்துப் பயனில்லை. இதை எங்கள் தொழிலில் பெற்ற தாயிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்குவார்கள். வெளியே சொன்னவனை உள்ளேயே சேர்க்க மாட்டார்கள். உனக்குச் சொல்கிறேன், படித்ததும் அடுப்பில் போடு.

குஸ்தியில் யாரும் யாரையும் தூக்குவதில்லை அக்கா. தூக்கப்படுகிறவன் தானே எகிற வேண்டும். பாய்கிறவனைக் கீழே நிற்பவன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அடிக்கிறவன் பாதி, அடிபடுகிறவன் பாதி. யார் ஜெயிப்பது என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடுவார். நாங்கள் எங்கள் கழுத்தை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்துவிட்டுத்தான் கோதாவில் ஏறுகிறோம். அந்தக் கையை இழுத்துக்கொள்கிறவனைப் போல ஒரு துரோகி கிடையாது. உன் புருஷன் அதைத்தான் செய்கிறான். சொந்த மச்சான்!

செப்டம்பர் பந்தயம் எனக்கும் அவனுக்கும்தான். அவன் தோற்று முகமூடி கழற்ற வேண்டும் என்று ஏற்பாடு. அதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. அப்புறம் முகமூடி இல்லாமலே அவனுக்குச் சின்னப் போட்டிகள் வாங்கித் தருவேன். கண்டிப்பாக வாங்கித் தருவேன். நீ எழுதினால் கேட்பான். விழச் சொல்.

சிப்ரியானோ


டோரியோன்
3 ஆகஸ்ட் 1964

சிப்ரியானோவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில், என் புருஷனை "அவன்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை இல்லை, பக்கம் முழுக்க. எங்கள் கல்யாணத்துக்கு உனக்குக் காலணி வாங்கிக் கொடுத்தவர் அவர்.

இரண்டாவது, நீ பெரிய ரகசியம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அடப் பைத்தியக்காரா! கல்யாணமான முதல் வருஷமே எனக்குத் தெரியும். கொல்லையில் பஞ்சு மெத்தையைப் போட்டு அவர் யாரை வைத்துப் பழகினார் என்று நினைக்கிறாய்? என்னை வைத்துத்தான். "எகிறு ஒதிலியா, நீ எகிறினாத்தான்டி நான் தூக்க முடியும்" என்பார். பாவாடையை முடிந்துகொண்டு எகிறுவேன். எத்தனை தடவை தூக்கியிருப்பார், ஒருநாளும் என்னைக் கீழே போட்டதில்லை. உங்கள் சத்தியமெல்லாம் ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற கதை. இந்த வட்டாரத்துப் பயில்வான்களின் பெண்சாதிகள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் அவர் முகமூடிக்கு வாக்குக் கேட்டேன். அது குஸ்தியில் போகாது, முன்கூட்டிப் பேசி முடிப்பதில்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நீ மாம்பழத்தைப் பற்றி எழுதினாய்.

பூவெப்லாவில் போட்டிக்கு முந்தின நாள் உன் தோன் பாஸ்குவால் குடித்துவிட்டு அவர் தோளில் கை போட்டிருக்கிறார். "உன் மச்சினன் கெட்டிக்காரன்யா. முகமூடியக் கழட்ட எந்தப் பயில்வானும் லேசுல ஒத்துக்க மாட்டான், என் அக்கா புருஷனா இருந்தா வாயே தொறக்க மாட்டாருன்னு ஜனவரியிலயே சொல்லிட்டான்" என்று. ஜனவரி, சிப்ரி. நீ எனக்கு எழுதிய அதே ஜனவரி.

அவர் மருந்துக்கடைத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். முதலாளி சொன்னதைச் சொன்னார். அப்புறம், "உன் தம்பி என்னைக் குஸ்திக்குக் கூப்பிடலடி. பலி குடுக்கத்தான் கூப்பிட்டிருக்கான்" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "அப்ப விழாதீங்க" என்று சொன்னது நான். ஒரு எட்டு நகரச் சொன்னதும் நான். உன் விலாவுக்கு யாரையாவது திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு.

அம்மா போனபிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். உன்னைவிட யாரை நம்பி அவரை அனுப்புவேன்? உன் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாய், போடவில்லை.

ஒதிலியா


மெக்ஸிகோ நகரம்
1 செப்டம்பர் 1964

அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதோ என்னவோ. விசாரிக்கிறேன்.

மறுக்க மாட்டேன். ஜனவரியில் சொன்னேன். வேறு யாரைச் சொல்வேன்? ஒவ்வொருத்தனும் தன் முகமூடியை உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முப்பத்தெட்டு வயது, தோள் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். ஒரு பெரிய முகமூடியை ஜெயிக்காத பயில்வானை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? உன்னிடம் சொல்லியிருந்தால் அவரை அனுப்பியிருப்பாயா? மாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை.

ஆனால் நீயும் என்னைப் பலகையில் விழ வைத்தாயே அக்கா. நான் கழுத்து முறிந்து செத்திருந்தால்?

தோன் பாஸ்குவால் மச்சானைக் கூப்பிட்டு, ஆண்டு விழாவில் சொன்னபடி தோற்காவிட்டால் எல்லையிலிருந்து எல்லைவரை எந்த அரங்கமும் சேர்க்காது என்று சொல்லிவிட்டார். மச்சான் தலையாட்டினாராம். அந்தத் தலையாட்டலை நம்ப முடியவில்லை. அதனால் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விடுதிக்கே போனேன். முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆண்டு விழாவுல மூணாவது சுத்துல நான் கயித்துக்கு மேலாக வெளிய பாய்வேன்" என்றேன்.

"பாயேன். யாரு வேணாம்னா?"

"கீழ சிமெண்டுத் தரை மச்சான். பிடிப்பீங்களா?"

கத்தியைத் துடைத்தார். "எங்கிட்ட கேட்டுச் செய்யற வழக்கமெல்லாம் உனக்கு எப்பப்பா வந்துச்சு?" என்றார்.

நான் பாயாவிட்டால் பந்தயம் இல்லை. பாய்ந்தால் அவர் நகர்வாரா மாட்டாரா என்று உனக்குத்தான் தெரியும். சுதந்திர தினம் கழிந்து வருகிற வெள்ளி, பதினெட்டாம் தேதி. அதற்குள் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி,
சிப்ரியானோ


மெக்ஸிகோ நகரம்
14 செப்டம்பர் 1964

அக்காவுக்கு,

தபால்காரனை வாசலிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை என்கிறான். நீ நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். தந்தியாவது அடி.

சிப்ரியானோ


மெக்ஸிகோ நகரம்
27 செப்டம்பர் 1964

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மச்சானுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் சுற்றில் தூக்கப் போனேன். தொட்டதுதான் தாமதம், எகிறினார் அக்கா. சிட்டாக ஏறினார். மார்ச்சில் ஏறியதைவிட அழகாக. நான் அறைந்தால் சுழன்று விழுந்தார், உதைத்தால் கயிறுவரை பறந்தார். இரண்டாவது சுற்றில் என்னை அடித்துத் துவைத்தார், ஆனால் ஒரு அடிகூட வலிக்கவில்லை. மூன்றாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். நெஞ்சோடு நெஞ்சாக வாங்கினார். சிமெண்டுத் தரையில் அவர் முதுகுதான் பட்டது, என் முழங்கால்கூடப் படவில்லை. "வலிக்குதா?" என்று காதோரம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நடுவர் மூன்று எண்ணினார். நான் ஜெயித்தேன். அரங்கம் இடிந்துவிடும் போலிருந்தது.

மச்சான் கோதா நடுவில் நின்று அவரே முடிச்சை அவிழ்த்தார். முகத்தில் வியர்வை, நரைத்த மீசை. முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, இவரா? எங்க சித்தப்பா மாதிரி இருக்காரே!" என்றாள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"பேரு?"

"எவரிஸ்தோ மொந்தெஸ்."

"எந்த ஊரு?"

"டோரியோன்."

"எத்தனை வருஷமா குஸ்தி?"

"பதினாறு."

வழக்கப்படி அதோடு ஒலிவாங்கியை வாங்கிவிடுவார்கள். அவர் கொடுக்கவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு. இந்த நீல மாலுமி எனக்கு அந்நியன் இல்லை. என் பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி. எங்க கல்யாணத்துல மோதிரத் தட்டை ஏந்திக்கிட்டு நின்னவன். என்னை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்ததும் அவன்தான்" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்புறம் அந்தக் கொண்டை ஊசிக் கிழவி எழுந்தாள். "அக்கா புருஷனையாடா அவுத்துப் போட்ட, படுபாவி! உங்கக்கா முகத்துல எப்படிடா முழிப்ப?" என்றாள். அவ்வளவுதான். ஆரஞ்சுத் தோல், மெத்தை, செருப்பு, உள்ளே என்ன இருந்தது என்று எழுதக்கூடாத காகிதக் குவளைகள், எல்லாம் என் மேல். ஆறு மாதமாக மச்சானைச் சபித்த அதே ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவரை போனார்கள். என்னைப் பின்வாசல் வழியாகக் கோணிச் சாக்குக்கு அடியில் வெளியேற்றினார்கள். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாயடியில் நின்றால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கோதாவில் இருந்தவன் நான்தான் என்று எப்படியோ தெரிந்துவிட்டது.

தோன் பாஸ்குவாலுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். மனுஷன் ஆனந்தத்தில் கைகளைத் தேய்க்கிறார். "அடேயப்பா! இதை எவன்டா யோசிக்க முடியும்? டிசம்பர்ல மறுபடியும் நீயும் அவரும். இந்தத் தடவை உன் முகமூடி போகணும். ஜனங்க அதைக் கேட்டு வாசல்ல நிக்கிறாங்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். "உன் மச்சான் மாட்டேன்னாரா?" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மச்சான் ஊருக்கு வந்திருப்பார். அவர் அப்படி எகிறியதும் விழுந்ததும் நீ சொல்லித்தானா? அந்த ஒலிபெருக்கிப் பேச்சும்? டிசம்பரில் அவர் என்னைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே எறிவதுதான் முடிவாம். தரையில் விழாமல் ஏந்திக்கொள்ள அவருடைய ஆட்கள்தான் நிற்பார்கள். நான் எகிற வேண்டும். எகிறிவிட்டால் அப்புறம் எல்லாம் அவர் கையில். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. முகமூடி போகட்டும், அது போகிறது. என்னைக் கீழே போட்டுவிடுவாரா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் தம்பி,
சிப்ரியானோ


டோரியோன்
11 அக்டோபர் 1964

சிப்ரியானோவுக்கு,

இங்கே இருவரும் நலம். அவர் முதுகில் ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கிறது, உன்னை வாங்கிய இடம். தினமும் ஒத்தடம் கொடுக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். மே முதல் ஜூலைவரை உன்னை விழ வைக்கச் சொன்னது நான். செப்டம்பரில் உன் முதல் கடிதத்தை அவருக்கு அனுப்பி, உங்கள் இஷ்டம் என்று எழுதிவிட்டேன். அவர் எகிறியதும் உன்னை வாங்கியதும் அவர் முடிவு. ஒலிபெருக்கியில் சொன்னதும் அவர் முடிவுதான், எனக்கு வானொலியில் கேட்டபோதுதான் தெரியும். அடுப்பில் ஏதோ கருகியது, எழுந்து போகத் தோன்றவில்லை.

இப்போது கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் பயப்படுவதில்லை, தொப்பியைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக் குதிரைப் பக்கம்கூடப் போவதில்லை. எதை எடுத்துக்கொண்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

டிசம்பரில் உன்னைப் போட்டுவிடுவாரா என்று அவரிடமே கேட்டேன். "தூக்கின ஆளைப் போடறதுக்கா பதினாறு வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன்?" என்று கோபித்துக்கொண்டார். அதனால் பயப்படாமல் எகிறு. ஏந்திக்கொள்ள நிற்பவர்களையும் அவரே பார்த்து நிறுத்துவார்.

நானும் வருகிறேன். முன்வரிசையில் இடம் வாங்கச் சொல்லிவிட்டேன். முகமூடியைக் கழற்றியதும் ஒலிவாங்கியை நீட்டுவார்கள். உன் பெயரைச் சொல். டோரியோன் என்று ஊரைச் சொல், அது எல்லோருக்கும் பொதுவான ஊர். எத்தனை வருஷம் என்று சொல். யாருடைய தம்பி என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். நீயாகவும் சொல்லாதே.

ஒதிலியா மொந்தெஸ்